பாறைக் கடலுக்கு எந்தக் காற்றாடி?

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் ஃபைபர் வள்ளத்தில் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார். வருஷத்துக்கு ரெண்டு அலுமினியக் காற்றாடி (வள்ளத்தைத் தள்ளும் புரொப்பெல்லர்) உடைந்து போகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மாட்டினால் கவலை விட்டது என்கிறார்கள். மாட்டலாமா?
– வாசகர், இடிந்தகரை

பதில்: வருஷத்துக்கு ரெண்டு போகிறது என்றால், சிங்கி இறால் வலையோடு பார் (கடலடிப் பாறை) ஓரத்தில்தான் உங்கள் தொழில் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் அலுமினியத்தை விடாதீர்கள் தம்பி.

என் மைத்துனன் வள்ளத்துக்கு நானே ஒரு தடவை ஸ்டீல் மாட்டிக் கொடுத்தேன். கச்சான் காற்று ஓய்ந்த ஒரு காலையில், கூத்தன்குழிக்கு அந்தப் பக்கம் தண்ணீருக்குள் கிடந்த பாறையில் அடித்துவிட்டது. கரையேறிப் பார்த்தால் இலையில் நகக்கீறல் அளவுதான் தடம். "பார்த்தீங்களா அத்தான்!" என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். நான் காற்றாடியைக் கையால் மெல்லச் சுற்றினேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பிடித்தது. காற்றாடியைச் சுற்றும் ஷாஃப்ட் வளைந்திருந்தது. கியர் ஆயிலை இறக்கினால் பால் விட்ட காப்பி நிறத்தில் வருகிறது. சீல் போய்க் கடல் தண்ணீர் உள்ளே ஏறியிருந்தது. அந்தச் செலவுக்கு அலுமினியக் காற்றாடி ஐந்தாறு வாங்கியிருக்கலாம்.

அடியைத் தாங்க நடுவில் ரப்பர் புஷ் இரண்டிலும் உண்டு. ஆனால் அலுமினிய இலை தானும் வளைந்து, ஒடிந்து அடியை வாங்கிக்கொள்ளும். ஸ்டீல் இலை விட்டுக்கொடுக்காது, அடி அப்படியே உள்ளே போகும். போதாததற்குக் கனமும் கூட. கியர் போடும் ஒவ்வொரு முறையும் சின்ன மோட்டாரின் கியர் பல் அதைச் சுமக்க வேண்டும்.

ஸ்டீல் மட்டம் என்று சொல்லவில்லை. இலை மெல்லிசு, பாரத்தில் வளையாது, வேகத்தில் தண்ணீரை நன்றாகப் பிடிக்கும். பெரிய மோட்டாரோடு ஆழத்துக்கு ஓடுகிறவர்களுக்கு அது லாபம். கலங்கிய மணல் அலையில் அலுமினிய விளிம்பு தேய்கிற மாதிரி அது தேயாது. மாட்டுகிறவர்கள் தண்ணீருக்குள் இறங்கும் மோட்டார் காலில் இருக்கும் சிங்க் (துத்தநாக) கட்டியை அடிக்கடி பாருங்கள். அது கரைந்து தீர்ந்துவிட்டால், உப்புத் தண்ணீரில் ஸ்டீலுக்குப் பக்கத்திலிருக்கும் அலுமினியக் கால்தான் அரிக்கும். கட்டியின் மேல் பெயின்ட் அடிக்கவே கூடாது.

நீங்கள் இன்னொரு அலுமினியக் காற்றாடி வாங்கி, நட்டு, ஸ்பிளிட் பின், பிளையரோடு பையில் கட்டி வள்ளத்திலேயே வையுங்கள். பிட்ச் எண் (ஒரு சுற்றில் காற்றாடி முன்னேறும் தூரம், இன்ச் கணக்கில்) பழசில் உள்ளதேதானா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு இன்ச் மாறினாலே நிமிஷத்துக்கு 200 சுற்று வரை ஏறி இறங்கும்.

கேள்வி: வளைந்த அலுமினிய இலையைத் தட்டி நேராக்கலாமா?
– வாசகர், உவரி

பதில்: வேண்டாம். சுத்தியலால் தட்டினால் அடிப்பக்கம் மயிரிழை மாதிரி விரிசல் விடும், நடுக்கடலில் ஒடியும். விளிம்பில் சின்னப் பிசிறு என்றால் அரம் போட்டுத் தேயுங்கள், மற்ற இலைகளோடு ஒத்துப்பார்த்து. அதற்கப்புறமும் மோட்டார் நடுங்கினால் அந்தக் காற்றாடியைக் கழற்றிவிடுங்கள்.