நல்ல மெயில் ஸ்பாமில் விழுகிறதா? வரம்பை ஏற்றாதீர்கள்

ஸ்பாம் ஃபில்டருக்குப் பயிற்சி கொடுக்கக் கொடுக்க நல்ல மெயிலும் ஸ்பாமில் விழுகிறது, வரம்பை 5-லிருந்து 8-க்கு ஏற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 5 என்றால் ஸ்பாம்அசாசின் என்ற ஃபில்டர்தான் வைத்திருப்பீர்கள். அது ஒவ்வொரு மெயிலுக்கும் விதிப்படி புள்ளி போடும், மொத்தம் வரம்பைத் தொட்டால் ஸ்பாம். ஏற்றினால் நிஜ ஸ்பாமும் சேர்ந்து உள்ளே வரும். முதலில் ஃபில்டருக்கு யார், எதைக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

நான் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். ஊழியர்கள் ஸ்பாம் ஃபோல்டரில் போடுவதையெல்லாம் இரவில் ஒரு ஸ்கிரிப்ட் எடுத்துப் படிக்கக் கொடுக்கும். எனக்கு முன்னால் இருந்தவர் செய்த ஏற்பாடு. கணக்குப் பிரிவில் வங்கி அனுப்பும் செய்திமடல்களையும் அங்கேதான் தள்ளினார்கள், சந்தாவை நிறுத்தச் சோம்பல். இன்வாய்ஸ், பேமெண்ட் எல்லாம் ஸ்பாம் சொற்களாகிவிட்டன. ஒருநாள் வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆர்டர் மெயிலுக்கு பேயஸ்_99 விழுந்தது, அதாவது சொற்களைக் கற்றுக் கணிக்கும் பேயஸ் பகுதி, இது ஏறக்குறைய நிச்சயம் ஸ்பாம் என்றது. அதற்கு மட்டுமே 3.5 புள்ளி. இன்னும் இரண்டு சில்லறை விதிகள் சேர்ந்தன, 5 தாண்டிவிட்டது.

அந்தச் செய்திமடல்களைப் பொறுக்கியெடுத்து, நல்ல மெயில் என்று மறுபடி படிக்கக் கொடுத்தேன். அதே மெயிலை வகை மாற்றிக் கொடுத்தால் பழைய பாடத்தை அதுவே மறந்துவிடும். இப்போது ஒரு ஆள் பார்க்காமல் எதுவும் பயிற்சிக்குப் போவதில்லை.

இன்னொன்று, எல்லாரும் ஸ்பாமை மட்டும் ஆசையாக ஊட்டுகிறார்கள். இரண்டு பக்கமும் 200 மெயில் சேர்ந்தால்தான் பேயஸ் வேலையே தொடங்கும். ஆனால் அந்த 200 எப்படிப்பட்டவை என்பதும் முக்கியம். எங்களுக்குத் தமிழில் வந்ததெல்லாம் மனை விற்பனை விளம்பரம்தான். அதனால் உள்ளூர் சப்ளையர் ஒருவர் தமிழில் எழுதினால் சந்தேகப்பட்டது. அவருடைய பழைய மெயில்களைத் தேடிக் கொடுத்த பிறகு சரியானது.

'2002 காலத்துச் சங்கதி, ஜிமெயிலுக்கு மாறு' என்று யாராவது வருவார்கள். அந்த 2002-லேயே, இந்தச் சொல் கணக்கு முறையைப் பிரபலமாக்கிய நிரலாளர் பால் கிரஹாம் நல்ல மெயிலில் வரும் சொற்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிக் கணக்கிட்டார், நல்லது தொலையக்கூடாது என்பதற்காக. தொலைந்தால் என்ன நடக்கும் என்பது சர்வர் பார்ப்பவனுக்குத் தெரியும். அந்த ஒரு ஆர்டர் மெயிலுக்காக முதலாளி கூட்டம் போட்டு என்னை நிற்கவைத்துக் கேட்டார். பேக்கப் டிஸ்க் வேண்டும் என்று நான் கொடுத்த கடிதம் மட்டும் இன்னும் அவர் மேஜையிலேயே கிடக்கிறது.