4294967297: கேட்டவர்களுக்குப் பதில்

ஹட்டனில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த எண்ணைப் பற்றிப் போன கிழமை இரண்டு வரி எழுதினேன். வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

தலவாக்கலைத் தம்பி: இந்த எண்ணில் அப்படி என்ன இருக்கிறது, சேர்?

2-இன் 32ஆம் வலுவோடு 1 கூட்டினால் வருவது, 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 297. இதே வழியில் வலுவை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துப் போனால் 3, 5, 17, 257, 65537. ஐந்தும் முதன்மை எண்கள். எல்லாமே அப்படித்தான் வரும் என்று 1640இல் பெர்மா என்ற கணித மேதை நம்பினார். 1732இல் ஆய்லர் என்ற இன்னொரு கணித மேதை அடுத்ததைப் பிரித்துக் காட்டினார்: 641 × 6700417.

பண்டாரவளை அக்கா: 641 என்று எப்படிக் கண்டுபிடித்தார்? ஒவ்வொன்றாக வகுத்தாரா?

இல்லை, அக்கா. இதை வகுக்கும் முதன்மை எண் எதுவும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடியதாகத்தான் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவை 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவதிலேயே அகப்பட்டது!

நாவலப்பிட்டியிலிருந்து ஒரு மாணவி: வகுத்துப் பார்க்காமல் நிறுவ முடியுமா, சேர்?

முடியும் தங்கச்சி, எனக்கு மிகப் பிடித்த இடமே இதுதான். 641ஐ இரண்டு விதமாக எழுதுங்கள்: 5 × 128 + 1, பிறகு 625 + 16. 128 என்பது 2-இன் 7ஆம் வலு. முதலாவதன்படி, 5 × 2⁷ஐ 641ஆல் வகுத்தால் மீதி −1, அதாவது 641க்கு ஒன்று குறைவு. நாலாம் வலுவுக்கு உயர்த்தினால் மீதி 1. அதாவது 625 × 2²⁸இன் மீதி 1. இரண்டாவதன்படி 625க்குப் பதில் −16 போடலாம். 16 என்பது 2⁴, ஆகவே −2³²இன் மீதி 1. அப்படியென்றால் 2³² + 1 மீதியில்லாமல் வகுபடும். நாலே வரி. முதல் தடவை இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனாலும் ஒருமுறை கையால் வகுத்துப் பாருங்கள். நான் அம்மாவின் கொழுந்துச் சிட்டையின் பின்பக்கத்தில்தான் வகுத்தேன். 4294இல் 6 தடவை போய் 448 மிஞ்சும். 9ஐ இறக்கினால் 4489, ஏழு தடவை போய் 2 மிஞ்சும். கடைசிப் படியில் மறுபடியும் அதே 448 வரும். இந்தத் தடவை இறங்குவது 7. 4487, சரியாக ஏழு தடவை, மீதி பூச்சியம். இரண்டே இரண்டு வித்தியாசம்!

பதுளை அண்ணன்: இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாமா?

65536² + 1² கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது, அண்ணன். 62264² + 20449² என்றும் எழுதலாம். முதன்மை எண்ணாக இருந்தால் ஒரு விதத்தில்தான் எழுதலாம். 20449 என்பது 143-இன் வர்க்கம் என்பதையும் கவனியுங்கள்.

கொட்டகலையிலிருந்து: கேத்திரகணிதத்தில் பயன் உண்டா?

முதல் ஐந்தையும் பெருக்கினால் 4294967295, நம் எண்ணைவிட இரண்டே குறைவு. அதனால் ஐந்தில் எதனால் வகுத்தாலும் நம் எண் மீதி 2 தரும். நேர்விளிம்பும் கவராயமும் கொண்டு வரையலாம் என்று இன்றைக்குத் தெரிந்த, பக்க எண்ணிக்கை ஒற்றை எண்ணாக உள்ள ஒழுங்கான பல்கோணிகள் 31. அவற்றின் பக்க எண்ணிக்கை எல்லாம் 4294967295-இன் காரணிகள்.

அதே ஆள்: இதற்குப் பிறகு முதன்மை எண் வந்ததா?

ஒன்றுகூட அகப்படவில்லை. வலுவை 2³² வரை இரட்டித்துப் பார்த்தாயிற்று, அவ்வளவும் பிரிபடுபவை. அதற்கு அடுத்தது பிரிபடுமா என்பது இன்னும் தீராத கேள்வி.