அரசு நிலத்தைத் தேசியப் பூங்காவாக அறிவிப்பது எப்படி? பாதுகாப்பகம் (Conservation Reserve) என்பது வேறா?

இந்தியாவில் இரண்டுமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாநில அரசு அறிவிப்பவை. ஆனால் வழிமுறை வேறு.

தேசியப் பூங்காவுக்கு 35ஆம் பிரிவு. முதலில் அரசிதழில் வருவது "அறிவிக்க உத்தேசம்" மட்டுமே. பிறகு ஆட்சியர் 60 நாளுக்குள் ஊர்மொழியில் பிரகடனம் வெளியிட வேண்டும். உரிமை கோருவோர் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் மனு கொடுக்க வேண்டும். வனவிலங்குச் சரணாலயம் என்ற இன்னொரு வகையென்றால் சில உரிமைகளைத் தொடர ஆட்சியர் அனுமதிக்கலாம். பூங்காவில் அந்த வழியே கிடையாது, கால்நடை மேய்ச்சலும் கூடாது. எல்லா உரிமைகளும் அரசிடம் வந்து சேர்ந்த பிறகே இறுதி அறிவிப்பு. விசாரணைக்கு இரண்டாண்டு வரம்பு உண்டு. தாண்டினாலும் அறிவிப்பு காலாவதியாகாது. அதனால்தான் கோப்புகள் ஆண்டுக்கணக்கில் தூங்குகின்றன.

பெரும்பாலும் சிக்குவது எல்லை விவரத்தில். புல எண்ணோ உட்பிரிவோ பிழையானால் பக்கத்துப் பட்டா நிலம் உள்ளே வந்துவிடும், வழக்கும் வரும். "ஓடைவரை" என்று எழுதாதீர்கள். ஓடை இடம் மாறும். எல்லைக்கல்லும் ஆயத்தொலைவும் (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) வேண்டும். காட்டில் வாழும் மக்களின் உரிமைக்கான 2006 வன உரிமைச் சட்டப்படியான கோரிக்கைகளை முதலில் முடிப்பதே நியாயம், அதுவே பாதுகாப்பும்.

பாதுகாப்பகம் 36அ பிரிவு. அரசு நிலத்துக்கு மட்டும். உள்ளூர் மக்களைக் கலந்தாலோசித்த பிறகே அறிவிக்கலாம். மேலாண்மைக் குழுவில் ஊராட்சிப் பிரதிநிதிகள் இருப்பார்கள். பாக் விரிகுடாவில் 2022இல் 448 சதுர கி.மீ. கடற்பசு பாதுகாப்பகம் இப்படித்தான் வந்தது. மக்கள் வாழ்வாதாரம் கலந்த இடத்துக்கு இதையே பரிந்துரைப்பேன்.