கிளேர்ல எந்தத் திருவிழாவுக்குப் போகலாம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அயர்லாந்துல லிமெரிக்ல இருக்கோம். பையனுக்குப் பத்து வயசு, ஸ்கூல்ல டின் விசில்னு சின்ன தகரக் குழல் கத்துக்கறான். பக்கத்து கவுண்டி கிளேர்ல வருஷாவருஷம் ஏகப்பட்ட கலைவிழா நடக்குதுன்னு சொல்றாங்க. எங்களால ஒண்ணுக்குத்தான் போக முடியும், எது நல்லது?
– ஒரு வாசகி, லிமெரிக்

பதில்: யோசிக்கவே வேணாம், கிளேர்ல மில்டவுன் மால்பேங்கற ஊருக்குப் போங்க. ஜூலை ஆரம்பத்துல ஒரு வாரம் அங்க வில்லி கிளான்சி சம்மர் ஸ்கூல் நடக்கும். திருவிழான்னு எல்லாரும் சொன்னாலும் பேர்லயே ஸ்கூல்னு இருக்கு பாருங்க, எனக்கு அது பிடிச்சதுக்குக் காரணமே அதுதான். காலையில வகுப்பு, ஃபிடில் (வயலின்தான்), மரப் புல்லாங்குழல், கான்செர்டினா (கையால விரிச்சு மடக்கி வாசிக்கற சின்னப் பெட்டி), விசில்னு ஒவ்வொண்ணுக்கும் தனியா, சாயங்காலம் ஆச்சுன்னா காலையில சொல்லிக்குடுத்த அதே வாத்தியாருங்க ஏதாவது ஒரு பப் மூலையில உக்காந்து வாசிச்சிட்டு இருப்பாங்க, உங்க பையன் ரெண்டடி தள்ளி நின்னு அவங்க விரல் எங்க போகுதுன்னு பாத்துக்கிட்டே கேக்கலாம். பத்து வயசுல ஒரு பிள்ளைக்கு இதைவிடப் பெருசா என்ன குடுத்துட முடியும், சொல்லுங்க.

வில்லி கிளான்சி அந்த ஊர்க்காரர், 1918ல பிறந்தவர், தச்சு வேலை பாத்தவர், இல்லன் பைப்ஸ்ங்கற ஐரிஷ் பைக்குழல் வாசிக்கறதுல பெரிய பேர். இந்த பைப்ஸை வாயால ஊதறது கிடையாது, முழங்கைக்கு அடியில ஒரு துருத்தி இருக்கும், கையை அமுக்கி அமுக்கித்தான் காத்தை அனுப்பணும், 'இல்லன்'னா ஐரிஷ் மொழியில முழங்கைன்னு அர்த்தம். 1973 ஜனவரியில அவர் காலமாயிட்டார், 54 வயசுதான். அதே வருஷம் கோடையிலயே அவர் பேர்ல இந்த ஸ்கூலை ஆரம்பிச்சுட்டாங்க. சிலை வச்சுட்டு விட்டுடாம அவருக்குத் தெரிஞ்சதை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்குடுக்கணும்னு தோணுச்சு பாருங்க, அதை நினைக்கறப்போ எனக்கு மனசு நெகிழ்ந்துடும். 2017ல யுனெஸ்கோ இந்த பைப்ஸ் வாசிப்பைப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துச்சு.

ரூமை இப்பவே பாத்து வச்சுக்கங்க, சின்ன ஊரு, அந்த வாரம் கிடைக்காது. பப்னு பயப்பட வேணாம், அயர்லாந்து சட்டப்படி மே முதல் செப்டம்பர் வரை ராத்திரி 10 மணி வரைக்கும் அப்பா அம்மாவோட பிள்ளைங்க உள்ள இருக்கலாம். செஷன், அதாவது பப்ல எல்லாரும் சேர்ந்து உக்காந்து வாசிக்கறது, நடக்கறப்போ பையன் விசிலை எடுத்து உடனே ஊத ஆரம்பிச்சுடக் கூடாது, முதல்ல ஒரு மணி நேரம் கேக்கட்டும், அப்புறம் உக்காந்திருக்கறவங்கள்ல பெரியவர் ஒருத்தர்கிட்ட போய் சேர்ந்துக்கலாமான்னு கேக்கட்டும், சின்னப் பிள்ளைன்னா பெரும்பாலும் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டுடுவாங்க. ஜிக், ரீல்னு ரெண்டு வகை நடன மெட்டு உண்டு, ஜிக் வந்தா மனசுக்குள்ள தகிட தகிடன்னு எண்ணச் சொல்லுங்க, ரீல்னா தகதிமி, அவ்ளோதான், உடனே பிடிச்சுக்குவான். பக்கத்துலயே ஸ்பானிஷ் பாயிண்ட் பீச், மத்தியானம் அங்க போய் ஓடட்டும். 1588ல ஸ்பெயின் கடற்படைக் கப்பல்கள் அந்தக் கரையோரமா மூழ்கினதாலதான் அந்தப் பேர்.

கேள்வி: கிளேர்ல செட் டான்ஸ்னு ஒண்ணு ஆடறாங்களாமே, பழைய கிராமத்து நடனமா?
– ஒரு வாசகர், ஷானன்

பதில்: பழசுதான், ஆனா வேர் பிரான்ஸ்ல. குவாட்ரில்னு ஒரு ஆட்டம், நாலு ஜோடி சதுரமா நின்னு ஆடறது, அது அயர்லாந்துக்கு வந்து கிராமத்து ஜனங்க கையில கிடைச்சு அவங்க ரீலுக்கும் ஜிக்குக்கும் ஏத்த மாதிரி மாறிடுச்சு. கிளேர்ல கலிடோனியன் செட்ங்கற வகைதான் உயிரு. முன்னாடியெல்லாம் இது வீட்டு சமையலறையில நடந்தது, அக்கம்பக்கத்துக்காரங்க வந்து நாற்காலியை ஓரமா தள்ளிட்டு கல் தரையில ஆடுவாங்க. 1935ல நடனக் கூடச் சட்டம் வந்துச்சு, பொது நடனத்துக்கு லைசென்ஸ் வேணும்னாங்க, அதைக் காட்டி பாதிரியாருங்களும் போலீசும் வீட்டு நடனத்தையும் நிறுத்த ஆரம்பிச்சாங்க. என்னைப் பொறுத்தவரை அந்த ஜனங்களுக்குச் செஞ்ச பெரிய அநியாயம் அது, காசு பணம் இல்லாத வீட்ல இருந்த ஒரே சந்தோஷத்துல கை வச்சுட்டாங்க. ஆட்டம் பெரிய ஹாலுக்குப் போச்சு, ஹால்ல ஒத்தை ஃபிடில் சத்தம் எடுபடாது இல்லையா, அதனால கெய்லி பேண்டுகளுக்கு, அதாவது நடனத்துக்குக் கூட்டமா வாசிக்கற குழுக்களுக்கு, மவுசு கூடிச்சு. 1909ல ஆரம்பிச்ச கில்ஃபெனோரா, 1946ல வந்த டல்லா, ரெண்டுமே கிளேர் பேண்டுதான். வில்லி கிளான்சி வாரத்துல செட் டான்ஸுக்கும் வகுப்பு உண்டு, சேர்ந்துடுங்க, கால் தடுமாறினா எதிர்ல நிக்கற பாட்டியே கையைப் பிடிச்சு இழுத்து சரியான இடத்துல நிறுத்திடுவாங்க.

கேள்வி: கிளேர்ல லிஸ்டூன்வார்னாங்கற ஊர்ல கல்யாணத்துக்கு ஜோடி பாக்கற திருவிழா நெஜமாவே நடக்குதா?
– ஒரு வாசகர், டப்ளின்

பதில்: நடக்குது, செப்டம்பர் மாசம். அந்த ஊர்ல கந்தகத் தண்ணி ஊத்து இருக்கு, உடம்புக்கு நல்லதுன்னு ஜனங்க வந்து தங்குவாங்க, அறுவடை முடிஞ்சு விவசாயிங்க கையில கொஞ்சம் காசும் நேரமும் இருக்கும், கல்யாணத் தரகருங்களும் வருவாங்க, அப்படி வளந்ததுதான் இது. இந்தக் காலத்துல பேர் பெற்ற தரகர்னா வில்லி டேலி, வரன் தேடறவங்க விவரமெல்லாம் அடைச்சு வச்ச பழைய தடி நோட்டு ஒண்ணு அவர்கிட்ட உண்டு. இப்போ வர்றவங்க பெரும்பாலும் ஆடத்தான் வர்றாங்க, பகல்லயே நடனம் ஆரம்பிச்சுடும். தனியா வாழற விவசாயிக்கு ஒரு மாசம் மனுஷங்க முகத்தைப் பாத்துப் பேசக் கிடைக்குதே, அதுக்காகவே இது நடக்கணும்.

கேள்வி: வில்லி கிளான்சி ஸ்கூலுக்குப் போக ஜூலைல லீவ் கிடைக்காதவங்க என்ன பண்றது?
– ஒரு வாசகி, கால்வே

பதில்: கிளேர்லயே மே கடைசியில எனிஸ் ஊர்ல ஃப்ளா நூவாங்கற இசைவிழா, ஆகஸ்ட்ல ஃபீக்கிள் ஊர்த் திருவிழா, நவம்பர்ல மறுபடியும் எனிஸ்ல ட்ராட் ஃபெஸ்டிவல், ட்ராட்னா பாரம்பரிய இசை. குழந்தைங்களோட போறதா இருந்தா ஃப்ளா நூவா, தெருவுலயே வாசிப்பாங்க, ஆடுவாங்க, கால்வேல இருந்து எனிஸுக்கு ரயிலும் இருக்கு.