கரித்துண்டுக்கு வயது 2980 வருஷமா, 2420 வருஷமா?

கேள்வி: ஏற்காட்டில் காபிக் கன்று நடக் குழி வெட்டும்போது பானை ஓடுகளோடு கரித்துண்டும் ஒரு கற்கோடரியும் கிடைத்தன. கரியை ஆய்வகத்தில் கொடுத்தோம். கார்பன்-14 (உயிர் போனபின் மெல்ல மெல்லக் குறையும் கார்பன் வகை) மீதி 74 சதவீதம், வயது 2420 பிபி (1950க்கு முந்தைய வருஷக் கணக்கு) என்கிறார்கள். 5730 வருஷத்தில் பாதி குறையும் என்றால் 26 சதவீதம் குறைய 2980 வருஷம் ஆக வேண்டாமா? கோடரியையும் அனுப்பலாமா?

பதில்: ஆய்வகக் கணக்குதான் சரி. நீங்கள் வருஷத்துக்கு இவ்வளவு என்று ஒரே சீராகக் கழித்திருக்கிறீர்கள், ஆனால் கார்பன்-14 அந்தந்த நேரத்தில் மீதி இருப்பதில் ஒரு பங்குதான் குறையும், ஆரம்பத்தில் நிறைய இருப்பதால் முதல் 26 சதவீதம் சீக்கிரமே போய்விடும். கால்குலேட்டரில் 0.74க்கு இயல் மடக்கை (ln பொத்தான்) பாருங்கள், மைனஸ் 0.301 வரும். மைனஸை விட்டுவிட்டு 8267ஆல் பெருக்கினால் (5730ஐ 0.693ஆல் வகுத்தது அது) சுமார் 2490.

இன்னும் 70 வருஷம் இடிக்கிறதா? இந்த முறையைக் கொண்டுவந்த லிப்பி காலத்தில் அரை ஆயுளை (பாதி குறைய ஆகும் காலத்தை) 5568 வருஷம் என்று வைத்திருந்தார்கள். பழைய முடிவுகளோடு ஒப்பிட வசதியாக, பிபி வயதுக்கு இன்றும் அதே எண்தான். 8267க்குப் பதில் 8033 போடுங்கள், 2420 வந்துவிடும்.

பிபி என்பது 1950லிருந்து பின்னோக்கி எண்ணுவது. அதற்காக 1950ஐக் கழித்து கி.மு. 470 என்று எழுதிவிடாதீர்கள், தயவுசெய்து! காற்றில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை, அதனால் மர வளையங்களை வைத்துத் திருத்த வேண்டும், அதிலும் கி.மு. 800 முதல் 400 வரை திருத்தக் கோடு ஏறக்குறைய தட்டையாகக் கிடக்கிறது, அதாவது பல வருஷங்களுக்கு ஏறக்குறைய ஒரே பிபி வயதுதான் வரும். உங்கள் கரி கி.மு. 750க்கும் 400க்கும் நடுவில் எங்கேயும் விழலாம். அறிக்கையில் திருத்திய காலவரம்பு இருக்கும், அதைப் பாருங்கள்.

அப்புறம், இது மரம் வளர்ந்த காலம், அடுப்பு எரிந்த நாள் இல்லை. பெரிய மரத்தின் வைரமாக (உள்கட்டையாக) இருந்தால் நூறு வருஷம்கூட முந்திக் காட்டும். சுள்ளியோ கருகிய தானியமோ கிடைத்தால் அதையே கொடுங்கள். காபிச் செடியின் முடி வேர் கரிக்குள் நுழைந்திருக்கும், லென்ஸ் வைத்துப் பார்த்து இடுக்கியால் எடுக்க வேண்டும்; இன்றைய கார்பன் ஒரு சதவீதம் கலந்தாலே முப்பது வருஷம் இளமை காட்டிவிடும். கையால் தொடாமல் அலுமினியத் தாளில் மடியுங்கள்.

கோடரியை அனுப்ப வேண்டாம். சேர்வராயன் மலைப்பக்கம் பிள்ளையார் மேடையில் வைத்துக் கும்பிடும் வழவழப்பான கோடரிகளும் இதே ரகம்தான், கல்லில் உயிரிலிருந்து வந்த கார்பன் கிடையாது. அதன் பக்கத்திலேயே, அதே மண் அடுக்கில் கிடந்த கரிதான் அதற்குச் சாட்சி. தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள், இன்னும் ஏதாவது தென்பட்டால் எடுப்பதற்கு முன் எத்தனை அடி ஆழம் என்று அளந்து, கிடக்கிற இடத்திலேயே படம் பிடித்து வையுங்கள்.