முத்து அழ வேண்டாம்

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்கு ஊர் காசிமேடு. கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஒரு சின்ன வீடியோ கேம் செய்திருக்கிறேன், இதோடு அனுப்பியிருக்கிறேன். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கும் ரோபோ ஒன்றுக்கு மெல்ல மெல்ல உணர்வு வருகிறது. அதன் பெயர் முத்து. பழசாகிவிட்டது என்று ஓனர் அதைக் காயலான் கடைக்குப் போட முடிவு செய்கிறார். கடைசிக் காட்சியில் முத்து கண்ணீர் விட்டு, "எனக்கும் வலிக்கும் சார்" என்கிறது. எழுதும்போது நாங்கள் மூவருமே அழுதோம். விளையாடிப் பார்த்தவர்கள் யாரும் அசையவில்லை. ஒருவன் பட்டனைத் தட்டித் தட்டி அந்த வசனத்தையே தள்ளிவிட்டான். எங்கே தப்பு செய்தோம் அண்ணே?

அன்புள்ள தம்பி,

கேமை இரண்டு முறை விளையாடினேன். விடியற்காலையில், ஏலம் தொடங்கும் முன்னால், முத்து பெட்டிகளை எண்ணி எண்ணி அடுக்குகிறதே, அந்த இடம் ரொம்பப் பிடித்தது. அந்தத் துறைமுகத்தில் வளர்ந்தவருக்குத்தான் அது எழுத வரும். அப்புறம் கடைசிக் காட்சி வந்தது. நானும் அசையவில்லை.

ஐஸ் பெட்டி தூக்கச் செய்த இயந்திரத்துக்குக் கண்ணீர் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வி வந்ததுமே முத்து மறைந்துபோய் நீங்கள் மூன்று பேரும் தெரிகிறீர்கள். "பாருங்கள், இதுவும் நம்மைப் போலத்தான்" என்று கெஞ்சுகிறீர்கள். எனக்கு அது வலித்தது. வடசென்னையை வைத்துக் கதை பண்ணுகிறவர்கள் பலர் நம்மிடமும் இதையேதான் செய்கிறார்கள். முக்கால்வாசிக் கதைக்கு நம் கையில் கத்தியைக் கொடுத்துவிட்டு, கடைசியில் ஓர் அழுகையைக் கொடுத்து, இவர்களும் மனிதர்கள்தான் என்று சான்றிதழ் எழுதுவார்கள். முத்துவுக்கு அப்படி ஒரு சான்றிதழ் வேண்டாம்.

பெரிய கேம்களும் இங்கே சறுக்கியிருக்கின்றன. 2018-இல் வந்த 'டெட்ராய்ட்: பிகம் ஹியூமன்' பார்க்க அழகு, அதன் பின்னால் இருக்கும் உழைப்பும் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் பேருந்தின் பின்பகுதியில் ஆண்ட்ராய்டுகளை, அதாவது மனித உருவ ரோபோக்களை, நிற்க வைத்து, அமெரிக்கக் கறுப்பின மக்கள் பட்ட அவமானத்தை இரவல் வாங்குகிறது. அதைவிட முக்கியம், அதில் நாம் ஆடுவதே மூன்று ஆண்ட்ராய்டுகளாக. அவர்களில் ஒருத்தியான காராவின் பயம் என் கையில் இருக்கும்போது, அவளுக்கு உணர்வு உண்டா என்று நான் எதற்குச் சந்தேகப்படப் போகிறேன்?

'சோமா' (2015) விளையாடியிருக்கிறீர்களா? கதையைக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும், மன்னியுங்கள். கடலுக்கடியில் ஒரு நிலையம். நாம் ஆடும் சைமனின் மனதை, பேட்டரியில் ஓடும் அவன் உடலிலிருந்து வேறோர் உடலுக்கு மாற்றுகிறார்கள். மாற்றம் என்று நாம் நம்பியது வெறும் நகல் எடுப்பு. கண் திறந்தால் நாம் புது உடலில் இருக்கிறோம், பழைய சைமன் நாற்காலியில் மயங்கிக் கிடக்கிறான். அவனுடைய பேட்டரியை வடித்து முடித்துவிடலாம், அப்படியே விட்டுவிட்டும் போகலாம். எதைச் செய்தாலும் புள்ளி கிடையாது, பாராட்டோ திட்டோ கிடையாது. நான் அங்கே வெகுநேரம் சும்மா நின்றுகொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்து எந்த வசனமும் அந்த வேலையைச் செய்ததில்லை.

சரி, உங்கள் கேமுக்கு வருகிறேன். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் விசைப்படகு இன்ஜின் பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருந்தார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். பக்கத்தில் யாரும் பேசக் கூடாது. "மூணாவது சிலிண்டருக்கு இன்னைக்கு மனசு சரியில்ல" என்பார். இன்ஜினுக்கு மனசு உண்டா என்ற விசாரணையெல்லாம் அவருக்கு இல்லை. காது கொடுத்தார், அவ்வளவுதான். உங்கள் கேமை விளையாடுகிறவருக்கும் அந்த வேலையைக் கொடுங்கள். உப்புக்காற்றில் முத்துவின் தோள் மூட்டு துருப்பிடிக்கட்டும். சத்தத்தைக் கேட்டுக் கேட்டு கிரீஸ் போடட்டும். ஒருநாள் சத்தம் மாறும். துருவா, வேறு ஏதாவதா? நீங்கள் சொல்லக் கூடாது.

ரோபோ என்ற சொல்லே 1920-இல் எழுதப்பட்ட ஒரு செக் நாடகத்திலிருந்து வந்தது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் 'ரொபோட்டா'தான் அதன் வேர். முத்துவின் மனதையும் அதன் வேலைக்குள்ளேயே தேடுங்கள். பெட்டி எண்ணுவதை நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள், அதன் அருமை உங்களுக்கே தெரியவில்லை.

காயலான் கடைக் காட்சியைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் மீன்பிடித் தடைக்காலத்தை வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, ஓனருக்கு வருமானம் இருக்காது. முத்துவை அணைத்து வைத்தால் கரண்ட் செலவு மிச்சம். விளையாடுகிறவரை ஓனர் இடத்தில் உட்கார வையுங்கள். கையில் காசு குறைவாகவே இருக்கட்டும். அணைப்பதா வேண்டாமா என்று அவரே முடிவு செய்யட்டும்.

அணைத்தால், ஜூன் 15 காலையில் பொத்தானை அழுத்தியதும் முத்து ஒரே ஒரு சொல்தான் சொல்ல வேண்டும். ஏப்ரல் 14 ராத்திரி அதன் எண்ணிக்கை 41-இல் நின்றது. "நாப்பத்திரெண்டு" என்று தொடரட்டும்.

அணைக்காமல் விட்டால், படகுகள் கட்டிக்கிடக்கும் துறைமுகத்துக்குத் தினமும் காலையில் வந்து பார்க்கும்போது, முத்து நேற்று நின்ற இடத்திலிருந்து இரண்டடி தள்ளி நிற்கட்டும், கடல் பக்கமாக. ஏன் என்று மட்டும் வசனம் எழுதிவிடாதீர்கள்.

அன்புடன்,
அண்ணன்