சென்னை கொருக்குப்பேட்டையில் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளம் மூடாமல் கிடக்கிறது. யாரிடம் சொல்வது? திட்டத்தில் நம் கருத்துக்கு இடமுண்டா?

முதலில் தோண்டியது யார் என்று பாருங்கள். மழைநீர் வடிகால் என்றால் மாநகராட்சி. பாதாளச் சாக்கடை என்றால் குடிநீர் வாரியம். மின் கேபிள் என்றால் மின்வாரியம். இதை மாற்றிச் சொன்னால் புகார் அலைந்துகொண்டே இருக்கும். மாநகராட்சி வேலையென்றால் 1913-க்கு அழைத்து, தெருப் பெயர், பக்கத்துக் கதவு எண் எல்லாம் சொல்லி, புகார் எண்ணைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள்.

மழை வரும்வரை காத்திருக்காதீர்கள். தண்ணீர் தேங்கிவிட்டால் பள்ளம் எது, சாலை எது என்றே தெரியாது. வெறும் ரிப்பன் கட்டினால் போதாது. தகரத் தடுப்பும் இரவில் ஒளிரும் பட்டையும் கேளுங்கள். பள்ளத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளை நான் இன்னும் ஆபத்தாக நினைக்கிறேன், பள்ளிப் பிள்ளைகள் ஓரமாகத்தானே நடக்கிறார்கள்!

கருத்துச் சொல்ல இடமுண்டு. கவுன்சிலர் தலைமையில் நடக்கும் பகுதி சபைக் கூட்டம் அதற்குத்தான். அங்கே, "இந்த வடிகால் எங்கே போய்ச் சேர்கிறது, கேப்டன் காட்டன் கால்வாயிலா, பக்கிங்காமிலா? அங்கே தூர் வாரியாச்சா?" என்று கேளுங்கள். கால்வாய் அடைத்திருந்தால் புது வடிகாலிலும் தண்ணீர் நிற்கத்தான் செய்யும். தெருக்காரர்கள் கையெழுத்திட்ட மனுவாகக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை வாங்கிவிடுங்கள்.